இருபது வளைவும் ஒரே தாளமும்

கண்ணாயிக்கு ஐம்பத்திரண்டு வயது. நாகலூரில் காப்பிச் செடியும் கொய்யா மரமுமாகக் கொஞ்சம் நிலம். தினமும் கொய்யாக் கூடையோடு அடிவாரத்துக்கு இறங்கி விற்றுவிட்டு, சாயங்கால பஸ்ஸில் மலையேறுவாள். இடுப்புவலிக்கென்று மலைமேல் ஒண்டிக்கடை ஊரில் நடக்கும் யோகா வகுப்பில் சேர்ந்தவள், வலி போன பிறகும் நிற்கவில்லை. வெள்ளிதோறும் ஆசனமெல்லாம் முடிந்து கடைசி அரைமணி நேரம் பஜனை. அதில் அவளுக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

வாரம் ஒருவர் முன்பாட்டு பாட, மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டும். கண்ணாயியின் முறை வந்தது. "ஓம் நமசிவாய" என்று எடுத்தாள் பாருங்கள், குரல் கணீரென்று இருந்தது. ஆனால் நாலு அடி ஒழுங்காக ஓடிய பாட்டு ஐந்தாவதில் இழுத்தது. அப்புறம் ஓடியது, மறுபடி இழுத்தது. ஜால்ரா ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இனி நீங்க பின்பாட்டோட நின்னுக்கோங்க கண்ணாயிக்கா," என்றார் டீச்சர் ஜெயகுமாரி.

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பஸ்ஸில் அதே பாட்டை முணுமுணுத்தபோதுதான் பிடிபட்டது. அவள் பாட்டுப் பழகியதே இந்த பஸ்ஸில்தான். வளைவு வந்தால் டிரைவர் வேகத்தைக் குறைப்பார், இவள் நாக்கும் கூடவே குறையும். மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவையும் பாட்டுக்குள் ஏற்றி வைத்திருக்கிறாள்!

"அட கூறுகெட்டவளே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

வேறொருத்தியாக இருந்தால் பஸ்ஸில் பாடுவதையே விட்டிருப்பாள். இவள் விடுவாளா? கெட்ட இடத்திலேயே சரிபண்ணுவேன் என்று ஒரே பிடிவாதம். தொடையில் தாளம் தட்டிக்கொண்டு, வண்டி எப்படி ஆடினாலும் கை மாறாமல் பாடிப் பார்த்தாள். முதல் வாரம் நாலாவது வளைவைத் தாண்ட முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார்கள். போகட்டுமே! ஒன்றரை மாதம் இதே வேலை.

ஒரு சாயங்காலம் அதே பஸ்ஸில் ஜெயகுமாரி இருந்தார்.

"ஏனுங்க டீச்சர், எனக்கு இன்னொருக்கா முன்பாட்டுக் குடுங்க."

"வேண்டாங்க. எல்லாருமே தடுமாறிப் போறாங்க."

"அப்ப இங்கயே கேளுங்க. ஒரு வளைவுல இழுத்தாலும் அப்பறம் நான் கேக்கவே மாட்டேனுங்க."

முதல் வளைவில் ஆரம்பித்தாள். ஜெயகுமாரியின் விரல் முன்சீட்டுக் கம்பியில் தாளம் போட்டுச் சோதித்தது. ஐந்து போனது, பத்து போனது. பதினாலாவதில் எதிரே லாரி வர, பஸ் நின்றேவிட்டது. கண்ணாயி நிற்கவில்லை. பின்சீட்டில் யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். இருபதாவது வளைவு தாண்டும்போது ஜெயகுமாரியே பின்பாட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கெழம நீங்கதான் எடுக்கோணும்," என்றார் ஒண்டிக்கடையில் இறங்கும்போது.

"எடுக்கறனுங்க," என்றாள் கண்ணாயி. "அன்னிக்குச் சிரிச்சவங்கள மட்டும் முன்னாடி வரிசைல உக்கார வெய்யுங்க."