ஸ்பேம் பெட்டிக்குள் போன எச்சரிக்கை

கண்ணுகளா, தொண்டாமுத்தூர்த் தோட்டத்துக்கு நான் விற்ற தண்ணீர் மோட்டாரில் ஒயர் கோளாறு என்று தெரியவந்தது. அன்று தோட்டக்காரர் வீட்டில் காதுகுத்து. விருந்து நேரத்தில் போன் போடுவது மரியாதையில்லை என்று, "சுவிட்சைத் தொடாதீங்க, ஷாக் அடிக்கும்" என மெயில் மட்டும் அனுப்பினேன்.

மறுநாள் அவர் சுவிட்சைத் தொட்டு வெந்த கையோடு என் பட்டறைக்கு வந்து, என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதவிட்டார். பல் உடைந்து ரத்தம் கொட்டியது.

"ஏனுங்க, என்னைக் கொல்லப் பார்த்தீங்களா?"

"மெயில் போட்டனுங்களே."

அவர் போனில் தேடினால், அது வேண்டாத மெயில்கள் ஒதுங்கும் ஸ்பேம் பெட்டிக்குள் கிடந்தது. எனக்கு மெயில் வசதி தரும் கம்பெனிக்காரரிடம் காரணம் கேட்டேன்.

"உங்க மெயில் கிளம்புற ஐபி முகவரியில, அதாவது இன்டர்நெட்டுல அந்த மெஷினோட நம்பர்ல, இன்னும் பல கம்பெனிக இருக்குதுங்க. அதுல ஒருத்தன் மோசடி மெயில் அனுப்பினதால எல்லாருக்கும் கெட்ட பேரு, உங்க மெயிலும் ஸ்பேமுக்குப் போயிருச்சுங்க" என்றார் அவர்.

எனக்கென்று தனி ஐபி முகவரி வாங்கிவிட்டேன். ஆனாலும் ஆபத்தான விஷயமென்றால் எந்த நேரமானாலும் முதலில் போன்தான். "சரிங்க" என்று மோட்டார் வாங்கினவர்கள் சொன்ன பிறகே போனை வைக்கிறேன்.