இரண்டு புட்டியிலும் ஃபார்மலின்

கேரளம் என்றொரு மாநிலம் உண்டாவதற்கு முந்தைய மாசி மாதம் அது. நாய் கடித்த நாளை முதல் நாள் என்று வைத்து நான் எழுதிய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். நினைவை மட்டும் நம்பினால் என் தவற்றைச் சின்னதாக்கிவிடுவேன்.

முதல் நாள், செவ்வாய். பெருமாட்டியில் எங்கள் தென்னந்தோப்புக்குள் எங்கிருந்தோ வந்த செவலை நாய், கட்டியிருந்த கன்றின் தாடையைக் கடித்தது. விரட்டப் போன என் மனைவிக்கு வலது கெண்டைக்காலில் கடி. அவளுடைய அண்ணன் தடியால் அடித்தே அதைக் கொன்றார். வெறிநாயா, வழிதவறி வந்து மிரண்ட நாயா, யாருக்கும் தெரியவில்லை.

சித்தூரிலிருந்து மாட்டு டாக்டர் வந்தார். நாயின் மண்டையைத் திறந்து மூளையை எடுத்து இரண்டு பாதியாக்கிப் பீங்கான் தட்டில் வைத்தார். அதற்குள் ஈன முடியாமல் தவிக்கும் எருமையைப் பார்க்க ஆள் வந்து கூப்பிட்டான். "இந்தப் புட்டியில கிளிசரின், இதுல ஃபார்மலின். புட்டிக்கொரு பாதி போட்டு, மூடி, மலை மேல இருக்கிற ஆய்வுக்கூடத்துக்கு ரயில்ல அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

கிளிசரின் எனக்குத் தெரியும். வெடித்த உதட்டுக்குத் தடவுவது. ரயிலில் மாசி வெயிலில் போகும் மூளை அதில் அழுகிவிடும் என்று பட்டது. ஃபார்மலினில் வைத்த உறுப்பு ஆண்டுக்கணக்கில் கெடாது என்று நான் படித்திருந்தேன். கிளிசரினைக் கீழே கொட்டி, டாக்டர் விட்டுப்போன ஜாடியிலிருந்து அந்தப் புட்டியிலும் ஃபார்மலினை நிரப்பினேன். உள்ளே இருப்பது என்ன, எந்த நாள், எத்தனை மணி என்று அழகாக எழுதி ஒட்டினேன். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். அதுவும் நோட்டில் இருக்கிறது.

நாயின் உடலை மச்சான் தென்னங்குழியில் உப்புப் போட்டுப் புதைத்தார். எங்கள் பக்கம் செத்த நாயை வீணாக்குவதில்லை. காய் நன்றாகப் பிடிக்கும் என்பார்கள்.

ஆஸ்பத்திரியில் அன்றே என் மனைவிக்கு வயிற்றில் ஊசி ஆரம்பமானது. நாளுக்கு ஒன்றாகப் பதினான்கு. ஒன்பதாம் நாள் வண்டியிலிருந்து இறங்கியவள் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏனுங்க, காலு ரெண்டும் யாரோடதோ மாதிரி இருக்குதுங்க."

ஆஸ்பத்திரி டாக்டர் அவள் உள்ளங்காலில் சாவியால் கோடு இழுத்துப் பார்த்தார். ஊசியைக் கையில் எடுக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இது கடியோட வேலை இல்லை, மருந்தோட வேலைன்னு நினைக்கிறேன். இந்த மருந்து ஆட்டு மூளையில செய்யறது. மூளையில இருக்கிற ஏதோ ஒரு புரதத்தை எதிர்க்கப் போய், உடம்பு தன் நரம்பையே தாக்குது. கினிப்பன்றிக்கு மூளைச் சாறு ஏத்தி இதே மாதிரி காலை விழ வெச்சுப் பார்த்திருக்காங்க. அறுத்துப் பார்த்தா நரம்பு மேல இருக்கிற உறை அங்கங்க உரிஞ்சு கிடக்காம்."

"அப்ப நிறுத்திறலாமுங்களா?"

"வெறிநாயா இருந்தா நிறுத்தக்கூடாது. இல்லைன்னா இன்னொரு ஊசி போடக்கூடாது. மலையிலிருந்து கடுதாசி வரட்டும்."

பத்தாம் நாள் கடுதாசி வந்தது. மாட்டு டாக்டர் ஆய்வுக்கூடத்தின் கடிதத்தை இரண்டு முறை படித்தார். நரம்புச் செல்களுக்குள் இருக்கவேண்டிய சிவப்புப் பொட்டுகள் காணப்படவில்லை. ஆனால் அதை வைத்து வெறி இல்லையென்று சொல்ல முடியாது. எலிச் சோதனை செய்ய இயலவில்லை.

"கிளிசரின்ல வர்ற பாதியை அரைச்சு வெள்ளெலி மூளைக்குள்ள ஏத்துவாங்க. வெறி இருந்தா எட்டுப் பத்து நாள்ல எலி விழுந்துரும். ஃபார்மலின் கிருமியையும் சேத்துக் கொன்னுரும். நீங்க அனுப்பினது ரெண்டு புட்டி ஊறுகாய்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்நேரம் பாதியாவது தெரிஞ்சிருக்கும்."

நான் வீட்டுக்கு ஓடிக் கடப்பாரையை எடுத்துத் தென்னங்குழியைத் தோண்டினேன். முதுகெலும்புக்குள் ஏதாவது மிஞ்சியிருக்காதா என்ற ஆசை. மச்சான் மேலே நின்றார்.

"உப்புப் போட்டது தப்புங்களா, மாப்ளே?"

நான் தோண்டிக்கொண்டே இருந்தேன். அவர் போட்ட உப்பைவிட என் படிப்புதான் தப்பு என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தோண்டியெடுத்ததைக் கோணியில் கட்டிக்கொண்டு போனேன்; மாட்டு டாக்டர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி புதைக்கச் சொன்னார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கொட்டிய கிளிசரின் உட்பட. 

"எலியக் கேக்க வழியில்லீன்னா என்னையவே எலியா வெச்சுப் பாருங்க. இனி ஊசி வேண்டாமுங்க. சாகறதுன்னாலும் எந்திரிச்சு நடந்துட்டுச் சாகறேன்."

டாக்டர் அதற்குச் சம்மதமும் சொல்லவில்லை, மறுப்பும் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்துக்கூட வெறி வந்ததுண்டு என்று மட்டும் சொன்னார்.

கடிபட்ட கன்றைத் தனியாகக் கட்டினோம். இனி அதுதான் எங்கள் எலி. காலையில் முதல் வேலையாக அதன் முன் தண்ணீர்த் தொட்டியை வைத்துவிட்டு நிற்பேன். அது மூஞ்சியை முக்கினால் எனக்கு மூச்சு வரும். பிறகு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் அவளிடம் கொடுப்பேன். தாகமே இல்லாதபோதும் வாங்கிக் குடிப்பாள். இருபத்தாறாம் நாள் கன்று தொட்டியைத் தொடவில்லை. அன்று கன்றைப் பற்றி நோட்டில் வேறொன்றும் எழுதவில்லை. மறுநாள் இரண்டு தொட்டி குடித்தது. வயிற்று உப்புசமாம்.

நாற்பதாம் நாளுக்குப் பிறகு சுவரைப் பிடித்து நடந்தாள். ஒருநாள் நோட்டைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"கன்னுக்கு எடது பக்கம், எனக்கு வலது பக்கமுங்களா? பாலு கறக்கிற கணக்கையும் எழுதிருங்க."

கன்று பசுவாகி ஈன்றது. இவளுக்கு இடது கால் இன்றும் இழுக்கிறது. அந்த நாய்க்கு வெறி இருந்ததா, எட்டு ஊசியே அவளைக் காத்ததா, காலைக் கெடுத்த அந்த ஊசி தேவையே இருக்கவில்லையா, அந்தப் பதில் கிளிசரின் புட்டியில் இருந்திருக்கும். நோட்டு நானூறாம் நாளோடு முடிகிறது. வலது பக்கம் எல்லா நாளும் ஒரே சொல்தான்: குடித்தாள்.

இப்போதும் அவள் தண்ணீரைக் கையில் எடுத்தால் என் பேச்சு நின்றுவிடும். அவள் எனக்காக ஒரு மடக்கு குடித்துவிட்டு, "ம், சொல்லுங்க" என்பாள்.