காணாமல் போன நாலு மில்லிகிராம்

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு 'ஏழு தண்ணி' என்று பெயர். குடுவை எதுவானாலும் ஏழு முறை அலசிக் கவிழ்த்தால்தான் அவருக்கு மனசு ஆறும். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் ஏழு தண்ணி. அவருக்கும் அது தெரியும். "நாலு தண்ணின்னு குறைக்காம இருக்காங்களே, அதுவரைக்கும் சரி" என்பார்.

இருபத்தாறு வருஷமாக அவர் பார்த்தது ஒரே வேலை. அமிலம் கலந்த தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி ஹைட்ரஜனைப் பிரிப்பது. அதற்குப் பிளாட்டினத்தை மிஞ்ச ஆளில்லை; அதன் விலையோ யானை விலை. அதனால் நிக்கலையும் பாஸ்பரஸையும் சேர்த்து, கண்ணுக்கே தெரியாத நானோ துகளாக்கி, மின்முனையில் பூசி, பிளாட்டினத்தின் வேலையை அதனிடம் வாங்கப் பார்த்தார். நிக்கல் மசியவே இல்லை. கூடப் படித்தவர்கள் துறைத் தலைவர்கள் ஆனார்கள். இவருக்கு அதே மேசை, அதே ஸ்டூல்.

போன வருஷம் திடீரென்று நிக்கல் வழிக்கு வந்தது. ஓட்ட ஓட்டத் தேய வேண்டிய மின்முனை, ஓட்ட ஓட்டத் தேறியது. 'பிளாட்டினம் இல்லாமல்' என்று தலைப்பிட்டு எழுதிய கட்டுரையைப் பெரிய இதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. பள்ளி வேன் ஓட்டும் கணவர் சக டிரைவர்களிடமெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டார். அச்சுப்பிழை பார்க்கும் பக்கங்களும் வந்துவிட்டன.

அந்த வாரம்தான் ஸ்டோர்காரர் தராசோடு வந்தார். பிளாட்டினம் என்றால் சும்மாவா? வருஷத்துக்கு ஒரு தடவை துண்டு துண்டாக எடை பார்ப்பார்கள். மின்சுற்றின் மறுமுனையில் தொங்கிய பிளாட்டினக் கம்பியை மேடம் கழற்றிக் கொடுத்தார்.

"மேடம், நாலு மில்லிகிராம் குறையுதே! யாராவது கிள்ளிட்டாங்களா?"

"கிள்ளி என்னங்க பண்ணுவாங்க, எறும்புக்கு மோதிரமா?" என்று சிரித்தவர், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

மின்சாரம் பாயும்போது அமிலத்தில் பிளாட்டினம் துளித்துளியாகக் கரையும். கரைந்தது எதிர்முனையில் போய் ஒட்டும். அதனால் மறுமுனையில் கார்பன் தண்டுதான் இருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே அவர் ஓதும் பாடம் இது. போன வருஷம் தண்டு உடைந்தபோது, புதுசு வரும்வரைக்கும் என்று கம்பியை மாட்டினார். தண்டும் வந்தது. அதற்குள் நிக்கல் வழிக்கு வந்துவிட்டதால், கைராசி கெட்டுவிடும் என்று கம்பியைத் தொடாமல் விட்டார். ஏழு தண்ணி அலசியவர் பார்த்த பார்வை அவ்வளவுதான்!

"தராசு சரியில்லைன்னு எழுதிடட்டுமா மேடம்? நாலு மில்லிகிராம்தானே" என்றார் ஸ்டோர்காரர், நல்ல மனசோடு.

"மூணு நாள் பொறுங்க."

பெட்டியிலிருந்து பிரிக்காத கார்பன் தண்டை எடுத்து மாட்டி, புது நிக்கல் மின்முனையைப் பூசி, மூன்று நாள் ஓட்டினார். திரையில் மின்னோட்டக் கோடு எழும்பவே இல்லை. பழைய, மசியாத நிக்கலேதான். கதவைச் சாத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். தராசு சரியில்லை என்று எழுதினால் ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. அது அவருக்கு நன்றாகத் தெரிந்ததால்தான் அத்தனை அழுகை.

இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னார்.

"அப்போ அந்த வேலையெல்லாம் செஞ்சது பிளாட்டினமா?"

"ஆமாங்க. நிக்கல் சும்மா உக்காந்திருந்திருக்கு."

"நான் வேற ஊரெல்லாம் சொல்லி வச்சுட்டேனே!" குழம்பை மனைவி பக்கம் நகர்த்தினார். "சரி விடு. நாளைக்கு இதையும் நானே சொல்லிக்கிறேன். நீ தின்னு, ஆறுது."

மறுநாள் காலை, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்கு எழுதி அனுப்பினார். பிறகு ஸ்டோருக்கு நடந்துபோய்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். 'குறைவுக்குக் காரணம்' என்ற கட்டம் இன்னும் காலியாக இருந்தது. அதில் திருத்தமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்:

"திருட்டு இல்லை. நாலு மில்லிகிராமும் என் கண்டுபிடிப்பில் ஒட்டியிருக்கிறது."