வினாத்தாளில் நான் அடித்த கேள்வி

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் போட்டிருந்தபோது, மலாக்கா டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆங்கில இலக்கியம் நடத்திக்கொண்டிருந்தேன். பெரிய பரீட்சைக்கு முன்னால் பள்ளியிலேயே ஒரு டிரயல் வைப்போம். அதில் தேறினால்தான் பெரிய பரீட்சையில் உட்கார விடுவார்கள். வினாத்தாள் தயாரிப்பது என் தலையில்தான் விழும். பகலெல்லாம் கத்திவிட்டு படியெடுக்கும் மெழுகுத்தாளில், டைப்ரைட்டரால் ஸ்டென்சில் வெட்ட உட்கார்ந்தால் முதுகு கழன்றுவிடும். ஓர் எழுத்து பிசகினால் சிவப்பு மருந்து பூசி, காயவிட்டு, திரும்ப அடிக்க வேண்டும். எனக்கு அந்த வேலை பிடிக்கவே பிடிக்காது.

அந்த வருஷத்துப் பாடநூல் சீமையில் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஒரு நாவல். ராஜாவுக்குப் பயந்து காட்டில் ஒளிந்திருக்கும் ஆட்களுக்கு ஊர் ஜனங்கள் திருட்டுத்தனமாகச் சாப்பாடு கொடுப்பார்கள். இங்கேயோ காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள். அவர்களுக்குச் சோறு கொடுத்தால் ஜெயில், இல்லாவிட்டால் கப்பலேற்றி இந்தியாவுக்கு. ரப்பர் எஸ்டேட்டைச் சுற்றி முள்கம்பி. வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோறு வெளியே கொண்டுபோக முடியாது. இந்த நாவலைத் தேர்ந்தெடுத்த புண்ணியவான் மலாயாவை வரைபடத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

என் வகுப்பில் சுங்கை ஊடாங் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் இருந்தாள். மற்றவர்களைப் போல மனப்பாடம் அவளுக்கு வராது. நிலா, நதி வர்ணனையெல்லாம் கேட்டால் விழிப்பாள். யோசித்து எழுதச் சொன்னால் மட்டும் பேனா ஓடும். டிரயலில் தவறினால் இன்னொரு வருஷம் படிக்க வைக்க அவள் வீட்டில் வழியில்லை. அவளை மனத்தில் வைத்துத்தான் ஒரு கேள்வி போட்டேன்: ஊர் ஜனங்கள் சோறு கொடுத்தது அன்பினாலா, பயத்தினாலா? அந்த அத்தியாயத்தை நன்றாகப் பாருங்கள் என்று வகுப்பில் சொல்லியும் வைத்தேன். எல்லா வாத்தியாரும் செய்வதுதான்.

அதையே பயிற்சிக்கு எழுதச் சொன்னபோது அவள் அருமையாக எழுதியிருந்தாள். பயம்தான் என்று ஆரம்பித்து, ஓர் அம்மா சோற்றை இலையில் கட்டி, ரப்பர் பால்வாளியின் அடியில் வைத்து, மேலே வெட்டுக்கத்தியையும் துணியையும் போட்டு, கேட்டில் சோதனை போடுகிறவன் முகத்தைப் பார்க்காமல் கடந்துபோவதை எழுதியிருந்தாள். நாவலில் ரப்பர் மரமே கிடையாது. அவள் எழுதியிருந்தது தன் அம்மாவைத்தான். டிரயல் விடைத்தாள்களை எங்கள் வெள்ளைக்காரத் தலைமையாசிரியை ஒன்று விடாமல் படிப்பார். போலீஸ் அதிகாரி ஒருவர் வீட்டில் அவருக்கு வாராவாரம் தேநீர்.

அந்தத் தாளை அடுப்பில் போட்டேன். அவளிடம் தொலைந்துவிட்டது என்றேன். கேள்வியை அடித்துவிட்டு, ஆற்றங்கரை நிலாவை வர்ணிக்கச் சொல்லிப் புது ஸ்டென்சில் வெட்டினேன். அன்றைக்குப் போல எனக்கு எந்த நாளும் அலுத்துப்போனதில்லை.

அவள் இலக்கியத்தில் தவறினாள். முடிவு தெரிந்த அன்று ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

“அந்தச் சோத்துக் கேள்விதான் வரும்னு நெனச்சேன் டீச்சர்.”

அது அவ்வளவு முக்கியமில்லை என்று விட்டுவிட்டேன் என்றேன். உண்மையைச் சொன்னால், எனக்குத் தெரியும் என்பது அவள் வீட்டுக்குத் தெரிந்துவிடும். பிறகு அங்கே யார் தூங்குவார்கள்?

“முக்கியமில்லையா டீச்சர்?” என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.

அவள் அம்மாவை யாரும் பிடித்துப் போகவில்லை. மறு மாதத்திலிருந்து அவளும் அம்மாவோடு பால் வெட்டப் போனாள்.