பிடியரிசிப் பேணி

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருடம் யோசித்துவிட்டேன். இரண்டு தடவை பிள்ளையின் பழைய கொப்பியில் தொடங்கி, கிழித்து அடுப்பில் போட்டேன். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவள் நான், எழுதுவதென்றாலே பயம். அதைவிடப் பெரிய பயம், இதில் வருகிற என் கூட்டாளி இன்றைக்கும் ஞாயிறுதோறும் கோவிலில் எனக்கு இரண்டு வாங்கு முன்னால்தான் உட்காருகிறாள். போன மாதம் ஆராதனை முடிந்து செருப்புப் போடும்போது கேட்டே விட்டேன். "எழுதன். என்ர பேரை மட்டும் போட்டிடாத," என்றாள். ஆகவே இதில் ஒருவருடைய பேரும் இல்லை.

எங்கள் வீடு திருகோணமலையில், மூதூருக்கு லோஞ்ச் படகு போகிற ஜெட்டிக்குக் கிட்ட இருந்தது. அந்த லோஞ்சில் மூட்டை ஏற்றி இறக்குவதுதான் அப்பாவின் வேலை. மூதூர் வியாபாரிகள் கூலியோடு கொஞ்சம் சிவப்பரிசியும் கொடுப்பார்கள். அதனால் எங்கள் வீட்டில் எப்போதும் சிவப்புச் சோறுதான். எங்கள் சபையில் மற்ற வீடுகளில் எல்லாம் கடையில் வாங்குகிற வெள்ளை அரிசி.

அம்மா சோற்றுக்கு அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு கைப்பிடி திருப்பி எடுத்து, குசினிச் சுவர்த் தட்டில் இருக்கிற பால்மாத் தகரப் பேணிக்குள் போடுவார். அது கர்த்தருக்கென்று ஒதுக்குகிற பிடியரிசி. வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், அடைமழை பெய்தாலும் அந்தக் கைப்பிடி தப்பாது. மாதக் கடைசி ஞாயிறு எல்லா வீட்டுப் பேணியும் கோவிலுக்கு வரும். பீடத்துக்கு முன்னால் விரித்த சாக்கில் ஒவ்வொருவராய்க் கொட்டுவோம்.

அதற்குப் பிறகு அந்த அரிசி எங்கே போகிறது? எட்டு வயதில் எனக்கு அதுதான் பெரிய கேள்வி.

"அம்மா, கர்த்தர் சோறு தின்னுவாரோ?"

"வாயை வச்சுக்கொண்டு சும்மா இரு."

"அப்ப ஆர் தின்னுறது?"

"குடுத்தா குடுத்ததுதான். பின்னால போய்ப் பார்க்கப்படாது."

போதகர் ஐயாவிடமும் கேட்டேன். அவர் என் தலையைத் தடவி, தேவையான இடத்துக்குக் கடவுள் அனுப்புவார் என்றார். எந்தத் தெரு, எந்த ஒழுங்கையால் அனுப்புவார் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

பதில் ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. என் பக்கத்தில் இருந்த கூட்டாளி இடைவேளைக்குச் சோற்றுப் பெட்டியைத் திறந்தாள். அவளுடைய தகப்பன் இறந்து இரண்டு வருடம். தாய்தான் எங்கள் கோவிலைக் கூட்டி, துணி தோய்த்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் பார்த்தேன். நீட்டு அரிசி, குண்டு அரிசி, சில குழைந்து, சில வேகாமல். நடுவில் அங்குமிங்குமாகச் சிவப்பு மணிகள்.

கண்டுபிடித்த சந்தோசத்தில் வகுப்புக்கே கேட்கக் கத்தினேன். "இது எங்கட அரிசி! இஞ்ச பாருங்கோ, சிவப்பெல்லாம் எங்கட வீட்டு அரிசி!"

அவள் பெட்டியை மூடிவிட்டாள். பின் வாங்கில் இருந்த ஒருத்தி, "ஏய் பிடியரிசி!" என்றாள். அன்றிலிருந்து அதுவே அவளுக்குப் பட்டப்பெயர்.

அடுத்த நாள் கூட்டாளி சோற்றிலிருந்து சிவப்பு மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பெட்டி மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினாள்.

"இந்தா. உங்கட வீட்டுச் சோறு. எண்ணி எடு."

எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. எங்கள் சோறு வேறு வீட்டில் வெந்தால் எப்படியிருக்கும் என்று அறிய ஆசையாக இருந்தது, எடுத்துத் தின்றேன். மூன்று நாள் அப்படித் தந்தாள். நாலாம் நாள் வேறு வாங்குக்குப் போய்விட்டாள். ஏன் போனாள் என்று நான் அம்மாவிடம் கேட்கவில்லை. பின்னால் போய்ப் பார்க்கப்படாது என்று சொன்னவரல்லவா.

அந்த வருடக் கடைசி மழைக்குள், லோஞ்சுக்கும் ஜெட்டிக்கும் இடையில் அப்பாவின் கால் நசுங்கியது. முழங்கால் வரைக்கும் மாக்கட்டுப் போட்டு மூன்று மாதம் படுக்கை என்றார்கள். சிவப்பரிசி நின்றது. பிறகு வெள்ளை அரிசியும் குறைந்தது. மத்தியானம் மட்டும் சோறு. இரவில் கஞ்சி, அதையும் அம்மா குடித்ததை நான் காணவில்லை. பிடியரிசி மட்டும் நிற்கவில்லை. ஆனால் அம்மா தன் கையால் எடுப்பதை விட்டு, என்னை எடுக்கச் சொன்னார். என் கை சின்னக் கை. கர்த்தரிடம் அவர் கேட்டுக்கொண்ட ஒரே சலுகை அதுதான்.

ஒரு ஞாயிறு மத்தியானம், ஊரே படுத்திருக்கிற நேரம், முற்றத்துப் படலை திறக்கிற சத்தம் கேட்டது. கூட்டாளியின் தாய். கையில் ஒரு பை. பையின் ஒரு காதை அவர் பிடித்திருந்தார், மற்றக் காதைக் கூட்டாளி. பிடியரிசி எந்த ஒழுங்கையால் போகிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அம்மா வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"அக்கா, பிழையான வீட்டுக்கு வந்திட்டீங்கள்."

"இல்லைப் பிள்ளை. ஐயா இந்த வீடுதான் சொன்னவர்."

"எங்களைவிட இல்லாதவை இருக்கினம். அவைக்குக் குடுங்கோ."

"நான் எங்க குடுக்கிறன்? கொண்டு வாறன், அவ்வளவுதான்."

"எனக்கு வாங்க ஏலாது அக்கா. இவ்வளவு காலமும் போட்ட கை."

"ஓம், உங்கட கை போட்ட கை. என்ர கை வாங்கின கை. ஏன் பிள்ளை, என்ர கை என்ன வேற இறைச்சியோ?"

அம்மா கதவை விடவில்லை. உள்ளே அப்பா இருமினார். அவருக்கு எல்லாம் கேட்டிருக்கும். அன்றைக்கு உலையில் போட எங்கள் வீட்டில் ஒரு சுண்டு அரிசிக்கும் குறைவாகத்தான் இருந்தது என்பது எனக்குத் தெரியும். அம்மா திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று பயந்துகொண்டு நின்றேன்.

அதைவிட எனக்குக் கூட்டாளியின் முகத்தைப் பார்க்கத்தான் பயம். இப்போது அவளுடைய முறை. நாளைக்கு வகுப்பில் அவள் கத்தினால் போதும்.

அவள் பைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, விரித்து எங்கள் அம்மாவிடம் காட்டினாள்.

"மாமி, இதில எங்கட அரிசியும் இருக்கு. அம்மாவும் நாங்கள் சமைக்கிறதில ஒரு பிடி போடுறவ."

தாய் அவளை அதட்டினார். "சும்மா இரடி. அதையெல்லாம் சொல்லிக்கொண்டு."

அம்மா அந்தச் சின்னக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதவை விட்டார். குசினிக்குப் போய்ச் சுளகை எடுத்துவந்து, நிலத்தில் குந்தியிருந்து, இரண்டு கையாலும் ஏந்தினார். அவர்கள் கொட்டினார்கள். அரிசி விழுகிற சத்தத்தில் அம்மா அழுதது கேட்கவில்லை, சுளகு ஆடியது.

அன்றைக்கு உலையில் போடுமுன் அம்மாவே தன் கையால் ஒரு பிடி எடுத்துப் பேணிக்குள் போட்டார். சோறு பாதி களி, பாதி கல். கூட்டாளியையும் தாயையும் அம்மா போக விடவில்லை. எல்லோரும் சேர்ந்துதான் தின்றோம். அப்பா படுக்கையில் சாய்ந்திருந்து மென்றுகொண்டே, "சபை முழுக்கப் பல்லுக்குள்ள வந்து நிக்குதப்பா," என்றார். கூட்டாளியின் தாய் புரையேறும் அளவுக்குச் சிரித்தார்.

நான் மட்டும் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தேன், கூட்டாளி வீட்டு அரிசி எது என்று பார்க்க. கண்டுபிடிக்க முடியவில்லை. சபையிலிருந்து அவர்களுக்குப் போன பிடியிலிருந்து அவர்கள் திருப்பி எடுத்த பிடி. அதில் எங்கள் அரிசியே இருந்திருக்கும். அவளிடமே கேட்டேன்.

"எது உங்கட?"

"தெரியாது. தின்."

அடுத்த நாள் வகுப்பில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. நான் வகுப்பில் கத்தியதை அவள் மறந்துவிட்டாள் என்றே நினைத்தேன். அந்த ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு பை அரிசி மட்டும்தான் என்று எனக்குக் கலியாணம் முடிந்து பிள்ளை பிறக்கும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாசித்தவர்கள் விரும்பினால் உங்கள் சபையிலும் இதைச் சொல்லுங்கள். ஆனால் உள்ளபடி சொல்லுங்கள். முன்பு ஒரு சகோதரியிடம் வாயால் சொன்னேன். அவர் வேறிடத்தில் சொன்னபோது அந்த அரிசி அற்புதமாய்ப் பெருகி, பூப்போல வெந்துவிட்டதாம். அப்படி நடக்கவில்லை. சோறு சரியாக வேகவில்லை. அந்தக் கல்மணிகளை ஒருவரும் எடுத்துவிட வேண்டாம்.