கிடைத்ததாகவே கருதப்படும்

அக்காவின் பெயருக்கு வந்த அந்தப் பழுப்பு நிறக் கடித உறை இன்று மாலை வரை என் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது. பெயர், தேயிலைத் தோட்டத்தின் பெயர், கந்தப்பளை. அவ்வளவுதான் முகவரி. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு எண்ணும் கிடையாது, பாதைக்குப் பெயரும் கிடையாது. எந்தக் கடிதமானாலும் தோட்டத்து ஆபிசுக்குத்தான் வரும். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில் பெரிய கிளாக்கர் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். அன்று வேலைக்கு வராதவர்களின் கடிதம் திரும்பவும் அவர் மேசைக்கே போய்விடும்.

ஆசிரியர் நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சைக்கு அக்காவை அழைத்த கடிதம் வந்த வாரம் அப்பா காய்ச்சலில் கிடந்தார், அம்மா பக்கத்தில் இருந்தார். பெரட்டுக்கு வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. கடிதம் கைக்கு வந்தபோது நேர்முகம் முடிந்து நான்கு நாள். நேர்முகத்துக்கென்றே எடுத்து வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டு அக்கா நுவரெலியாவுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அதிகாரி உறையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நாங்க தபால்ல போட்டாச்சு. போட்டா கெடைச்ச மாதிரிதான். சட்டம் அப்படி!" என்று கத்தினார்.

"கெடைக்கலைங்களே ஐயா" என்று அக்கா மூன்று தடவை சொன்னாள். அடுத்த வாரம் கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறினாள். அவள் கொழுந்து பறித்துத்தான் நான் கொழும்பில் சட்டம் படித்தேன்.

இரண்டாம் ஆண்டில் சட்ட மெய்யியல். நியாயமில்லாத சட்டமும் சட்டம்தானா என்பதே பாடம் முழுவதும். விரிவுரையாளர் எடுத்த உதாரணம் எது தெரியுமா? தபாலில் சேர்த்த கடிதம் கிடைத்ததாகவே கருதப்படும் என்ற அதே விதி! எழுந்து பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. எந்தப் பதிலுக்குப் புள்ளி விழும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கிடைக்கவில்லை என்று ஆளாளுக்குச் சொன்னால் எந்த அலுவலும் நடக்காது, ஒருவருக்கு நேர்ந்த அநீதியால் விதி செல்லாமல் போகாது என்று கட்டுரையில் நான்கு பக்கம் எழுதினேன். வகுப்பிலேயே அதிக புள்ளி எனக்கு. வெட்கங்கெட்டவன், அதை வீட்டுக்கும் கொண்டுவந்தேன்.

அட்டை கடித்த காலுக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே அக்கா வாசிக்கச் சொன்னாள். முழுவதையும் கேட்டாள்.

"நல்லா எழுதியிருக்க தம்பி. அன்னைக்கு அந்த ஐயாவுக்கு இவ்வளவு அழகா சொல்லத் தெரியல. சும்மா கத்துனாரு."

கிண்டல் இல்லை. மெய்யாகவே பாராட்டினாள். அதற்குப் பதிலாக அவள் என்னை அறைந்திருக்கலாம். அந்த அதிகாரி மேல் இருந்த கோபத்தில் பாதிக்கு மேல் அன்றைக்கு என் மேலேயே திரும்பியது, இன்னும் ஆறவில்லை.

இப்போது ஹட்டனில் ஒரு மூத்த சட்டத்தரணியிடம் வேலை செய்கிறேன். இன்று காலை, எங்கள் கட்சிக்காரரான தோட்ட நிர்வாகம் ஒரு லயத்துக் குடும்பத்தை வெளியேறச் சொல்லும் நோட்டீஸ் என் மேசைக்கு வந்தது. பெயர், தோட்டத்தின் பெயர். அவ்வளவுதான் முகவரி.

"பதிவுத் தபால்ல போட்டுருங்க. நம்ம பக்கம் அது போதும்" என்றார் அவர்.

போடவில்லை. அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, லயத்துக்கே போய்க் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்த அந்த வீட்டு அம்மாவின் கையில் நோட்டீஸைக் கொடுத்து, ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினேன். "பதில் போட பதினாலு நாள் இருக்குங்கம்மா. நாளைக்கே வேற லோயர் ஒருத்தரப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

வந்ததும் மூத்த சட்டத்தரணி தபால் ரசீதைக் கேட்டார். இழுப்பறையைத் திறந்து, "தபால்ல போட்டா இப்படித்தான் போய்ச் சேருது சார்" என்று அக்காவின் உறையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.