யாரும் சாகாத ஹிந்திக் கதைகள்

என் அக்கா மேகலாவுக்கு ஹிந்தி படிக்கத் தெரியும், புரியாது. சிறுவயதில் ராணிப்பேட்டையில் டியூஷன் போய், உருப்போட்டே பரீட்சைகள் பாஸ் செய்தவள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் அவளோடு ஒரே செக்கிங் மேசையில் நின்ற அக்தர் பானுவுக்கு வீட்டில் உருது. ஹிந்தியைக் காதால் கேட்டால் புரியும். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. இருவரையும் சேர்த்தால் ஒரு முழு வாசகி.

கிளை நூலகத்தில் யாரும் தொடாமல் கிடந்த ஹிந்திக் கதைப் புத்தகங்களை அக்கா எடுத்து வருவாள். சாப்பாட்டு நேரத்தில் ரயில்வே அறிவிப்பு மாதிரி மூச்சுவிடாமல் ஒரு கதை வாசித்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறப்பாள். அவள் சாப்பிடச் சாப்பிட, பானு அதைத் தமிழில் சொல்வாள். பக்கத்து மேசைகளும் காது கொடுக்கும்.

இந்தப் புகழ் நூலகர் ஆல்வின் வரை போயிற்று. "ஞாயித்துக்கிழமை கூட்டத்துல, ஹிந்தி இலக்கியம்னா இன்னான்னே தெரியாதவங்களுக்கு நீங்கதான் சொல்லணும்மா" என்றார். அக்கா பத்தாவதோடு நின்றவள். கம்பெனியே வரப்போகிறது, மேடையில் அசிங்கப்பட்டுவிடக் கூடாது என்று அந்த வாரம் முழுக்கக் கண்ணாடி முன் பேசிப் பார்த்தாள்.

"ஹிந்திக் கதைங்கள்ல கஷ்டம் ஜாஸ்தி. ஆனா சாவு கிடையாது" என்று கூட்டத்தில் ஆரம்பித்தாள். "ஸ்டேஷன்ல காத்துக்கினு இருந்த அம்மாகிட்ட மகன் வந்துடுவான். தொலைஞ்ச எருமை கிடைச்சிடும். கடைசில எல்லாரும் வீட்டுக்குப் போய் சாப்பிடுவாங்க."

முன்வரிசையில் இருந்த பீகார்க்கார வங்கி அதிகாரி தயங்கி எழுந்தார். "மேடம், அந்தப் பையன் வரவே மாட்டான். எருமையும் செத்துப் போகும்."

கூட்டம் சிரித்தது. அக்கா மைக்கிலேயே கேட்டாள். "பானு, இன்னாடி இது?"

பானு எழுந்தாள். "நான் இன்னா செய்யறது? நான் சொல்றப்பதான் நீ சோத்துல கை வைப்ப. அப்பப் போய் எருமை செத்துச்சின்னு சொன்னா உனக்கு இறங்குமா?"

"தோல் ஊர்ல பொறந்துட்டு எருமைக்கு அழுவாங்களாமே" என்றது பின்வரிசை.

அக்கா மேடையைவிட்டு இறங்கவில்லை. "மேல வா. நிஜமான முடிவை இப்பச் சொல்லு" என்றாள்.

பானு மேடையேறி ஒவ்வொருவராகக் கொன்றாள். கூட்டத்தில் பாதிப் பேர் மூக்கைச் சிந்தினார்கள். முடிந்ததும் ஹிந்திப் புத்தகங்களுக்கு வரிசை நின்றது. நின்றவர்களில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது.

மறுநாள் அக்கா சட்டம் போட்டாள்: முதலில் சாப்பாடு, பிறகு கதை, முடிவில் பொய் கூடாது. கடைசிவரை இருவரும் அதை மீறவில்லை.

இந்த ஆடியில் அக்கா போய்விட்டாள். காரியம் முடிந்த அன்று பானு ஒரு நூலகப் புத்தகத்தோடு வந்தாள். அக்கா வாசித்துப் பாதியில் நின்றுபோன கதை அதில் இருந்தது. எனக்கோ படிக்கவும் தெரியாது, கேட்டாலும் புரியாது.

"முடிவு இன்னா பானுக்கா?"

அவள் அடுப்படிக்குப் போய்க் குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்தாள். அப்படியே இருந்தது.

"நீ சாப்டியா?"

"இல்ல."

தட்டை என் முன்னால் வைத்தாள்.

"எல்லாரும் வீட்டுக்குப் போய் சாப்ட்டாங்க" என்றாள்.